கேளாது எடுத்த படம்

சென்ற தைப்பொங்கலுக்குச் சில நாட்களின் முன்னர், பாரிஸ் மாநகரத்திலே லா சப்பல் பகுதியில் மரக்கறிக் கடையொன்றில் வேலைசெய்யும் என் பழைய மாணாக்கர் ஒருவர் எனக்கொரு தபாலட்டை அனுப்பியிருந்தார். கருமையும் வெண்மையுமான படம். ஒரு தெரு. பத்து வயதுக்கு மேற்படாத சிறுவன் ஒருவன், பக்கத்துக்கு ஒன்றாக இரண்டு பெரிய முந்திரிகை மதுப் போத்தல்களை அணைத்துக்கொண்டு வருகிறான். பகைவர் அரணை வென்று மீளும் வேந்தனுக்கும் அத்தனை பெருமிதம் இருந்திராது. பின்னாலே சிறுமியர் சற்று மங்கலாகத் தெரிகின்றனர். அட்டையின் மறுபக்கத்திலே தெருவின் பெயரும் படம் எடுத்தவர் பெயரும் அச்சிடப்பட்டிருந்தன. தெரு, றூ மூப்தார். எடுத்தவர், ஹென்றி கார்த்தியே பிரெசோன். அத்தெருவில் இன்றும் சந்தை கூடுகிறதென்றும், நான் வந்தால் அழைத்துச் சென்று காட்டுவதாகவும் மாணாக்கர் எழுதியிருந்தார்.

நன்னூலும் காரிகையும் படிப்பிக்கும் ஒருவனுக்குக் கமராக்காரர் ஒருவரின் வரலாற்றில் என்ன வேலை என்று வாசகர் வினவக்கூடும். வேலை இருக்கிறது. அதனைப் பின்னர்ச் சொல்வேன். முதலில் மனிதரைச் சொல்லுதல் முறை. பெயர் நீண்டதாகையாற் பிரெசோன் என்றே இனி எழுதுகிறேன்.

அவர் பிறந்தது 1908 ஆம் ஆண்டு ஆவணி 22 ஆந் திகதி. ஆங்கில மாதத்தைச் சொல்கிறேன், ஓகஸ்ட். பாரிசுக்கு அணித்தாயுள்ள சாந்தலூ என்னும் சிற்றூர் பிறந்த இடம். தந்தைவழியினர் தையல் நூல் உற்பத்தியிற் பெரும்பொருள் ஈட்டியவர்கள். பிரான்சு தேசத்துப் பெண்களின் தையற்பெட்டிகளிலெல்லாம் அக்குடும்பத்தின் பெயர் பொறித்த நூல் கிடந்தது. ஐந்து பிள்ளைகளுள் மூத்தவர் இவர். மூத்தவன் தொழிற்சாலையைப் பொறுப்பேற்பான் என்பது தந்தையின் எண்ணம். பிள்ளையோ ஓவியத்தின் பின்னே போய்விட்டான். ஓவியரான சிறிய தந்தையார் ஒருவர், பிள்ளைக்கு ஐந்து வயதாயிருந்தபோது தம் சித்திரக்கூடத்துக்கு அழைத்துச் சென்று வர்ணவாசனை பிடிக்கச் செய்தார். பின்னர் முதலாம் உலக யுத்தத்தில் மாண்டுபோனார். விதை விழுந்துவிட்டது.

பள்ளியிறுதிப் பரீட்சையில் நம்மவர் தேறவில்லை. (தம் பிள்ளை பரீட்சையிற் தவறியதென்று என்னிடம் வந்து கண்ணீர் வடிக்கும் பெற்றோருக்கு இந்தச் செய்தியை இனிச் சொல்லலாமென்று குறித்து வைத்திருக்கிறேன்.) 1927 இல் அந்திரே லோத் என்னும் ஓவிய ஆசிரியரிடம் மாணாக்கரானார். லோத் கண்டிப்பானவர், கோடும் கோணமும் அளவும் தெரியாதவன் தூரிகையைத் தொடக்கூடாது என்னுங் கட்சியைச் சேர்ந்தவர். இரண்டாண்டு அவரிடம் பயின்ற கணக்கு, பிரெசோனின் வாழ்நாள் முழுவதும் அவர் கண்ணிலே தங்கிவிட்டது. யாப்பை முறையாகக் கற்றவனுக்கு அசைபிரித்துப் பாராமலே தளை தட்டுவது செவியில் உறைப்பதில்லையா? அதுபோன்றதொன்று இது. கணப்பொழுதிற் படம் எடுத்தார் என்று அவரை வியப்பவர்கள், அக்கணத்தின் பின்னே நின்ற இந்தப் பாடங்களை மறந்துவிடுகிறார்கள்.

1930 இல் ஆபிரிக்காவிலுள்ள ஐவரி கோஸ்ற் நாட்டுக்குப் போனார். அங்கே இரவில் விளக்கு வைத்து வேட்டையாடி, இறைச்சியை விற்றுச் சீவித்தார். அசையாது பதுங்கியிருத்தல், ஓசைபடாது நடத்தல், குறி தோன்றிய மாத்திரத்தில் விசையை அழுத்துதல் ஆகிய மூன்றையும் அங்கேதான் கற்றார் போலும். ஓராண்டில் கருநீர்க் காய்ச்சல் கண்டு சாகுந்தறுவாயை அடைந்தார். தம்மை நோர்மண்டியில் ஒரு காட்டோரத்திலே அடக்கஞ் செய்யவேண்டுமென்றும், அப்போது டெபுசி என்பாரின் இசை வாசிக்கப்படவேண்டுமென்றும் பாட்டனாருக்கு எழுதினார். அதற்கு அதிக செலவாகுமென்று பாட்டனார் கருதுவதாகவும், முதலில் உயிரோடு வீடுவந்து சேர்வதே உத்தமமென்றும் வீட்டிலிருந்து மறுமொழி போயிற்று. நூல் வியாபாரிகளின் குடும்பமல்லவா!

உயிரோடு வீடுவந்த இளைஞர் ஒருநாள் ஒரு புகைப்படத்தைக் கண்டார். தங்கனீக்கா ஏரியின் அலைக்குள் மூன்று கறுத்தச் சிறுவர்கள் ஓடிப் பாயும் காட்சி. எடுத்தவர் ஹங்கேரி நாட்டவரான முங்காச்சி. ஓடிக்கொண்டிருக்கும் வாழ்வை ஓடும்போதே பிடிக்க முடியும் என்பது அவருக்கு அப்போது புலனாயிற்று. 1932 இல் மார்செய் துறைமுக நகரில் ஒரு லைக்கா கமராவை வாங்கினார். உள்ளங்கையில் அடங்குவது. அக்காலத்துப் புகைப்படக்காரர் பலர் முக்காலியும் கறுப்புத் துணியுமாகத் திருமணப் பந்தலுக்குப் போவதுபோல் தெருவுக்குப் போவார்கள். தெருவும் அவர்களைக் கண்டதும் முகத்தைத் துடைத்துக்கொண்டு விறைத்து நிற்கும். பிரெசோனோ லைக்காவின் பளபளக்கும் பாகங்களையெல்லாம் கறுத்த நாடாவினாற் சுற்றி மறைத்தார். மின்வெட்டு விளக்கை அவர் தொடவேயில்லை. மனிதக் கண்ணின் பார்வைக்கு நெருங்கிய 50 மில்லிமீற்றர் வில்லை ஒன்றையே பெரும்பாலும் பாவித்தார். எடுத்த படத்தின் ஓரங்களைப் பின்னர் வெட்டித் திருத்துவதையும் வெறுத்தார். எல்லாம் எடுக்குங் கணத்திலேயே அமைந்துவிட வேண்டும். அமையாவிட்டால் அது படமன்று என்பது அவர் கொள்கை. ஒரேயொரு புகழ்பெற்ற விலக்கு உண்டு. அதே ஆண்டில் பாரிசில் சென் லாசார் புகையிரத நிலையத்தின் பின்புறத்தே, வேலியிடுக்கினூடாக எடுத்த படம் அது. தேங்கிய நீரின்மேலே ஒருவர் தாவுகிறார். குதிக்கால் நீரைத் தொட ஒரு மயிரிழையே இருக்கிறது. வேலியின் கரை படத்திலே விழுந்துவிட்டமையால் அதை மாத்திரம் வெட்டினார்.

சந்தைகளும் சந்திகளும் அவருக்குப் பள்ளிக்கூடமாயின. இத்தாலி, ஸ்பெயின், மெக்சிக்கோ என்று அலைந்தார். சில வேளைகளில் முதலில் இடத்தைத் தெரிந்துகொள்வார். படிக்கட்டு ஒன்று, மதில் ஒன்று, வெயில் விழும் மூலை ஒன்று. லோத் சொல்லிக்கொடுத்த கணக்குப்படி மேடை அமைந்துவிட்டதென்று கண்டால், நடிகன் வரும்வரை அங்கே காத்திருப்பார். வருபவன் மிதிவண்டிக்காரனாயிருக்கலாம், மீன்காரியாயிருக்கலாம். அவன் அவ்விடத்தில் வந்து பொருந்தும்போது விசை அழுந்தும். அவன் அறியாமற் போய்விடுவான்.

1937 இல் இலண்டனில் ஆறாம் ஜோர்ஜ் மன்னரின் முடிசூட்டு விழாவைப் படமெடுக்க ஒரு பாரிஸ் பத்திரிகை இவரை அனுப்பியது. இவர் மன்னரைத் திரும்பியும் பார்க்கவில்லை. மன்னரைப் பார்க்க வந்த சனங்களையே எடுத்துக்கொண்டு திரும்பினார். இரவெல்லாம் காத்திருந்து களைத்த ஒருவர் கீழே பழைய பத்திரிகைத் தாள்களின்மேற் கிடந்து தூங்க, மேலே மதிலில் வரிசையாக அமர்ந்திருப்போர் ஊர்வலத்தை எட்டிப் பார்க்கின்றனர். அவ்வாண்டிலேயே இரத்தின மோகினி என்னும் யாவாத் தீவின் நாட்டியப் பெண்ணை மணந்தார். ழான் ரெனுவார் என்னும் பெயர்பெற்ற திரைப்பட இயக்குநரிடம் சில காலம் உதவியாளராகவும் இருந்தார். அதைப்பற்றி அதிகம் சொல்வதற்கில்லை.

யுத்தம் வந்தது. 1940 ஆனி மாதத்தில் ஜேர்மனியரிடம் சிறைப்பட்டார். சிறைப்படுவதற்கு முன் தமது லைக்காவை வோஸ்ஜ் பகுதியிலே ஒரு பண்ணை நிலத்திற் புதைத்துவைத்தார். 35 மாதங்கள் சிறை. கல்லுடைப்பும் தொழிற்சாலை வேலையும். இருமுறை தப்ப முயன்று பிடிபட்டுத் தனிச்சிறையில் வாடினார். மூன்றாம் முறை, 1943 இல், தப்பிவிட்டார். வந்து புதைத்த இடத்தைத் தோண்டிக் கமராவை எடுத்தார். 1995 இல் வலிகாமத்தை விட்டுப் புறப்படும்போது கிணற்றடியிலும் கோடிப்புறத்திலும் எதையெதையோ புதைத்துவிட்டு வந்த நம்மவர்க்கு, திரும்பிவந்து தோண்டும்போது பொருள் இருந்த இடத்தில் இருப்பது எத்தகைய பேறு என்பதை நான் விளக்கவேண்டியதில்லை.

அதற்கிடையில் அமெரிக்காவில் அவரை இறந்தவராகவே கருதிவிட்டனர். நியூயோர்க் நவீன கலை நூதனசாலையார் அவருக்கு நினைவுக் கண்காட்சி ஒன்று நடத்த ஆயத்தஞ் செய்துகொண்டிருந்தார்கள். இறந்தவர் உயிரோடு போய்த் தமது நினைவுக் கண்காட்சிக்குப் படங்களைத் தெரிந்துகொடுத்தார். 1947 இல் அது நடந்தது. அதே ஆண்டில் ரொபேட் காப்பா முதலிய நண்பர்களுடன் கூடி மக்னம் என்னும் கூட்டுறவு நிலையத்தை நிறுவினார். படத்தின் உரிமை அதை வாங்கிய பத்திரிகைக்கன்று, எடுத்தவனுக்கே என்பது அதன் அடிப்படை. இந்த உரிமைப் பேச்சை வாசகர் நினைவில் வைத்திருத்தல் வேண்டும்.

பின்னர் மனைவியோடு கீழ்த்திசைக்குப் புறப்பட்டார். 1948 சனவரி 30 ஆந் திகதி பிற்பகல் டெல்லியிலே காந்தியடிகளைக் கண்டு, தமது கண்காட்சி நூலைக் காட்டினார். அடிகள் ஒவ்வோர் ஏடாகத் திருப்பிக்கொண்டு வந்தவர், போல் குளோடெல் என்னும் கவிஞர் சவ வண்டி ஒன்றைத் திரும்பிப் பார்க்கும் படத்தில் நின்றுவிட்டார். அதன் கருத்தென்னவென்று கேட்டார். மரணத்தைப் பற்றிய பேச்சாக அது முடிந்தது. பிரெசோன் விடைபெற்றுச் சென்று ஒரு மணித்தியாலம் ஆகுமுன்னே அடிகள் சுடப்பட்டார். திரும்பி ஓடிவந்து, அன்றிரவு வாயிற்கதவின் மேலேறி நின்று நேரு சனங்களுக்குச் செய்தி சொல்லியதையும், மறுநாள் இறுதி ஊர்வலத்தையும் எடுத்தார். அவ்வாண்டின் இறுதியில் சாங்காய் நகரிலே காகிதப் பணம் மதிப்பிழந்து, தங்கம் மாற்ற வங்கியின்முன் சனங்கள் ஒருவர்மேல் ஒருவர் நெருங்கிப் பின்னிக்கிடந்த காட்சியும் அவருக்குக் கிடைத்தது.

1950 சித்திரையில் அவர் திருவண்ணாமலையில் இருந்தார். கையில் வளர்ந்த கட்டியினால் இரமண மகரிஷி உடல்நலிந்து கிடந்த இறுதி நாட்கள். 14 ஆந் திகதி இரவு 8.47 மணிக்கு மகரிஷி பரிபூரணமெய்தினார். வெளியே நின்ற பிரெசோன், வானத்திலே ஓர் ஒளி மெல்ல ஊர்ந்து மறைந்ததைக் கண்டு நேரத்தைக் குறித்துக்கொண்டார். சமயப் பற்றை வெளிக்காட்டாத ஒரு பிரெஞ்சுக்காரரின் சாட்சியமாக அது இன்றளவும் பேசப்படுகின்றது. அதே மாதத்திற் புதுச்சேரி சென்று அரவிந்தரையும் படமெடுத்தார். அரவிந்தர் பல ஆண்டுகளாகப் படமெடுக்க இடங்கொடாதிருந்தவர். உரிய முறையிற் கேட்டு அனுமதி பெற்ற பின்னரே அது நடந்தது.

இங்கேதான் என் மனம் தடைப்படுகின்றது. துறவியரிடம் அனுமதி கேட்ட கண், கத்தரிக்காய் விற்பவளிடம் கேட்டதுண்டா?

1952 இல் அவர் தமது படங்களைப் பெருநூலாக வெளியிட்டார். மாட்டீஸ் என்னும் மாபெரும் ஓவியர் அதற்கு மேலட்டை தீட்டினார். ஆங்கிலப் பதிப்புக்குத் தீர்வான கணம் என்று பொருள்படும் பெயரை வைத்தார்கள். உலகம் அப்பெயரையே பிடித்துக்கொண்டது. பிரெஞ்சு மூலத்தின் பெயர் வேறு. இமாஜ் அ லா சோவேற் என்பது அது. இத்தொடரின் பொருளை என் மாணாக்கரிடம் தொலைபேசியிற் கேட்டேன். அவருக்கு அது அகராதிச் சொல்லன்று, நாள்தோறும் தெருவிற் கேட்கும் சொல். அனுமதிப்பத்திரமின்றி நடைபாதையில் துணியை விரித்துப் பண்டம் பரப்பி, பொலிசாரின் தலை தெரிந்ததும் நான்கு மூலைகளையும் கூட்டி அள்ளிக்கொண்டு ஓடுகிறானே, அந்த வியாபாரியின் செயலைக் குறிப்பதாம். அவசரம், களவு, ஓட்டம் எல்லாம் அதில் உண்டு. தம் தொழிலுக்கு அவர் இட்ட பெயர் சந்தைப் பெயர். தாமும் உத்தரவுச் சீட்டில்லாத ஒரு நடைபாதைக்காரன் என்று ஒப்புக்கொண்டிருக்கிறார். ஆங்கிலப் பெயரின் மிடுக்கிலே இந்த ஒப்புதல் மறைந்துபோயிற்று. மொழிபெயர்ப்பாளர் செய்யும் தீங்குகளில் இது சிறிதன்று.

இனி என் கதையைச் சொல்லவேண்டும். எங்கள் தந்தையார் செம்மண் தோட்டத்தில் விளைவித்ததை என் தாயார் கடகத்திற் சுமந்து சுன்னாகஞ் சந்தைக்குக் கொண்டுபோவார். எனக்கு எட்டு வயதாயிருந்தபோது, பள்ளி விடுமுறை நாளொன்றில் நானும் பக்கத்தில் இருந்தேன். சாக்கின்மேல் கத்தரிக்காய்க் குவியல், சின்ன வெங்காயம், செத்தல் மிளகாய். வெள்ளைக்காரர் ஒருவர் வந்து, சற்று எட்ட நின்று, கமராவைக் கண்ணுக்குக் கொண்டுபோனார். அம்மா சேலைத் தலைப்பினால் முகத்தை மூடிக்கொண்டார். எனக்கு எங்கிருந்தோ வீரம் வந்தது. ஒரு கத்தரிக்காயை எடுத்து அந்த மனிதரை நோக்கி எறிந்தேன். அது அவர் தோளிற் பட்டது. அவர் சிரித்து, கையை உயர்த்தி மன்னிப்புக் கேட்பதுபோற் காட்டிவிட்டுப் போய்விட்டார். படம் எடுக்கவில்லை. அயலிலிருந்தவர்களெல்லாம் பொடியன் கெட்டிக்காரன் என்றார்கள். அம்மா கச்சான் சுருளை ஒன்று வாங்கித் தந்தார். நெடுங்காலம் அதை ஒரு வெற்றியாகவே எண்ணியிருந்தேன்.

1995 இல் இடம்பெயர்ந்தபோது, பெற்றோரின் திருமணப் படமும் மற்றப் படங்களும் வீட்டோடு போயின. 2003 இல் அம்மா மறைந்தார். இன்று என்னிடமுள்ளது தேசிய அடையாள அட்டைக்கென எடுத்த சிறு படம் ஒன்று. அவர் இசைந்து, கமராவை நேரே நோக்கி எடுப்பித்த படம். அதிலே உத்தியோகத்தருக்கு அஞ்சிக் கண்ணிமையாதிருக்கும் ஒரு பெண் இருக்கிறார். தராசுத் தட்டைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு, விலை குறைக்கச் சொல்பவரைப் பார்த்து ஒருபக்கத்து உதட்டால் சிரிக்கும் என் தாயார் எந்தப் படத்திலும் இல்லை. அந்தக் கத்தரிக்காய் குறிதப்பியிருந்தால் எங்கோ ஒரு நாட்டில், யாரோ ஒருவரின் பெட்டிக்குள்ளாவது அச்சிரிப்பு இருந்திருக்கும்.

ஆயினும் அம்மா முகத்தை மூடினார் என்பதும் உண்மையே. அதை நான் இல்லையென்று சொல்லிவிட முடியாது. மூடியவரின் விருப்பம் பெரிதா, இன்று ஏங்குபவனின் விருப்பம் பெரிதா? மதுரைக்காஞ்சி பாடிய மாங்குடி மருதனார் நாளங்காடியையும் அல்லங்காடியையும் கண்முன் நிறுத்துகிறார். பூவும் புகையும் விற்போரெல்லாம் அதில் உலவுகின்றனர். அவர்களிடம் உத்தரவு கேட்டுக்கொண்டா புலவர் பாடினார்? இவ்வாறு வாதிட்டு என்னைத் தேற்றப் பார்த்தேன். வாதம் முழுதும் நிற்கவில்லை. பாட்டிலே வருபவள் பூவிற்பாள் ஒருத்தி; படத்திலே வருபவள் இன்னாளென்று ஊர் அறியும். பிரெசோனே இதை உணர்ந்திருந்தார் என்பதற்குச் சான்று அவர் தம் முகத்தைக் காத்த விதம். தம்மைப் பிறர் படமெடுப்பதை அவர் விரும்பியதில்லை. 1975 இல் ஒக்ஸ்போர்ட் பல்கலைக்கழகம் கௌரவப் பட்டம் வழங்கியபோது ஒரு தாளினால் முகத்தை மறைத்துக்கொண்டார். தெருவிலே தம்மை எவரும் அடையாளங் கண்டுகொண்டால் தம் தொழில் கெடும் என்பது அவர் தரப்பு நியாயம். நியாயந்தான். ஆனாலும் சேலைத் தலைப்பைப் பார்த்த எனக்கு அந்தத் தாளைப் பார்க்கும்போது சிரிப்பு வருகிறது.

மற்றொரு குறையும் சொல்வார்கள். சந்தையென்றால் நிறம், மிளகாயின் சிவப்பும் எலுமிச்சையின் மஞ்சளும் இல்லாத சந்தை என்ன சந்தை? பிரெசோன் வர்ணப் படத்தை விரும்பவில்லை. அக்காலத்து வர்ணச் சுருள் ஒளியை மெதுவாகவே பற்றும்; ஓடுபவனைப் பிடிக்க உதவாது. பத்திரிகைகளின் வற்புறுத்தலுக்காக மாத்திரம் சில எடுத்தார். எனக்கு இது குறையாகத் தோன்றவில்லை. மூப்தார்த் தெருச் சிறுவனின் சட்டை என்ன நிறமென்று நான் ஒருபோதும் எண்ணிப் பார்த்ததில்லை. நிறம் இருந்திருந்தால் போத்தலைப் பார்த்திருப்பேன். இப்போது முகத்தைப் பார்க்கிறேன்.

1950களின் முற்பகுதியில் எடுத்த அப்படத்தின் பின், 1954 இல் மொஸ்கோ சென்றார். ஸ்டாலின் மறைவுக்குப் பின் அங்கு அனுமதிக்கப்பட்ட முதல் மேனாட்டுப் புகைப்படக்காரர் அவரே. 1955 இல் பாரிசில் லூவர் மாளிகையில் அவர் கண்காட்சி நடந்தது. 1967 இல் இரத்தின மோகினியைப் பிரிந்தார். 1970 இல் மார்ட்டீன் பிராங் என்னும் புகைப்படக் கலைஞரை மணந்தார்; ஒரு மகள் பிறந்தாள். அதன்பின் கமராவைப் பெரும்பாலும் பெட்டியிற் பூட்டிவிட்டுப் பென்சிலை எடுத்தார். முப்பது ஆண்டுகளுக்குமேல் வரைந்துகொண்டேயிருந்தார். புகைப்படத்தைப் பற்றிப் பேச வந்தவர்களிடம் ஓவியத்தைப் பற்றிப் பேசினார். அவருடைய ஓவியங்கள் படங்களுக்கு ஈடாகா என்பது பலர் கருத்து. எனக்கும் அப்படியே தோன்றுகிறது. ஆனால் ஒருவருக்கெதிரே கேட்டு அமர்ந்து, மணிக்கணக்காக முகத்தைப் பார்த்து வரையும் தொழில் அது. ஓட்டமில்லை, களவில்லை. அவருக்கு அது தேவைப்பட்டிருக்கலாம்.

2003 இல் அவர் பெயரால் பாரிசில் ஒரு நிலையம் திறக்கப்பட்டது. 2004 ஓகஸ்ட் 3 ஆந் திகதி, 96 ஆவது பிறந்தநாளுக்குச் சில வாரங்கள் இருக்க, தென்பிரான்சில் மோந்சுஸ்தான் என்னும் மலைக்கிராமத்திற் காலமானார். அங்கேயே அடக்கஞ் செய்தார்கள். பாட்டனார் செலவு பார்த்து ஒத்திவைத்தது எழுபது ஆண்டுகளுக்கு மேலாக ஒத்திப்போயிருந்தது.

தபாலட்டை என் மேசைக் கண்ணாடியின் கீழே இருக்கிறது. அடையாள அட்டைப் படத்தையும் அதன் அருகில் வைத்திருக்கிறேன். மாணாக்கருக்கு இன்னும் மறுமொழி எழுதவில்லை. மூப்தார்த் தெருவில் கத்தரிக்காய் விற்கிறார்களா, விற்பவர்கள் பெண்களா என்று கேட்டு எழுதவேண்டும்.